பதில்: குளத்துல கட்லா குஞ்செல்லாம் காணாம போச்சு, வலையில ரெண்டடி மீசை மீனு

அண்ணாச்சி, நீங்க பயப்படுத மாதிரி அது தடை பண்ணுன ஆப்பிரிக்கக் கெளுத்தி இல்ல, ஆத்து வாளை. ஆப்பிரிக்கக் கெளுத்தின்னா மீசை நாலு ஜோடி, முதுகுத் துடுப்பு வால் வரைக்கும் நீளமா ஓடும். நீங்க சொன்னது மீசை ரெண்டு ஜோடி, முதுகுல சின்னதா ஒரு துடுப்பு, வாய் கண்ணையும் தாண்டிக் கிழிஞ்சிருக்கு, செதிலே கிடையாது, வாளையேதான். (தூத்துக்குடி மார்க்கெட்ல வாளைன்னு விக்கிறது கடல் மீனு, அது வேற.)

மழைக்கு ஆத்துல வெள்ளம் வரும்போதுதான் இது முட்டை போடும், அப்ப தாமிரபரணி கால்வாய்த் தண்ணிய அப்படியே குளத்துக்குத் திறந்துவிட்டா குஞ்சும் சேந்து வந்துரும், பகல்ல அடியில கம்முனு கிடந்துட்டு ராத்திரி உங்க கட்லாவ முழுங்கிக்கிட்டு இருந்திருக்கும். மடையில கொசுவலை கணக்கா கண்ணு சின்ன வலையா கட்டுங்க. கோடையில குளத்த வத்த விட்டாலே வாளை செத்துரும், ஆப்பிரிக்கக் கெளுத்தி மாதிரி மேல வந்து காத்து குடிச்சு சேத்துக்குள்ள கிடந்து தப்பிக்காது. வத்தாதுன்னா மீனைக் கொல்லுத இலுப்பைப் புண்ணாக்கு, ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏக்கருக்கு 1000 கிலோ, போட்டுட்டு 3 வாரம் கழிச்சு குஞ்சு விடுங்க.

பிடிச்சத குழம்பு வச்சிருங்க, முள்ளு கம்மி, ருசி அள்ளும்.