குடல் டிபியா, க்ரோன் நோயா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

குடல் நோயோடு வாழ்வது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எனக்கு வயது 27. நான்கு வருடமாக வயிற்றுவலி, பேதி. கேஸ் என்றார்கள், மனக்கவலை என்றார்கள். 11 கிலோ இளைத்த பிறகுதான் பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்தார்கள். குடல் டிபி என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், சரியாகவில்லை. இப்போது மதுரையில் இன்னொரு மருத்துவர் க்ரோன் நோய் என்று சொல்லி ஸ்டீராய்டு கொடுத்திருக்கிறார். மூன்றே வாரத்தில் வலி நின்றுவிட்டது. "வலிதான் இல்லையே, மாத்திரையை நிறுத்திவிடு" என்கிறார் அம்மா. முதல் மருத்துவர் என்னை ஏமாற்றிவிட்டாரா?

ச., விருதுநகர்

அன்புள்ள ச.,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டை வாரக்கணக்கில் சாப்பிடும்போது, உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்கிறது. திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைத்து, நீண்டகாலம் சாப்பிடக்கூடிய வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். பழைய சீட்டைக் காட்டி நீங்களாகக் கடையில் வாங்கித் தொடரவும் கூடாது. அம்மாவிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்: வலி நின்றுவிட்டது என்பதற்காகப் புண் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. வலியே இல்லாதபோதும் குடல் உள்ளே தழும்பேறிச் சுருங்கிக்கொண்டிருக்கலாம்.

முதல் மருத்துவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. டிபி கிருமியால் வருவது; க்ரோன் என்பது குடலில் நீண்டகாலம் நீடிக்கும் அழற்சி நோய். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தைத்தான் டிபியும் பெரும்பாலும் பிடிக்கிறது, க்ரோனும் பிடிக்கிறது. இரண்டிலும் புண், காய்ச்சல், இளைப்பு. குடலிலிருந்து சிறு துணுக்கெடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியில் டிபி கிருமி பல நேரம் அகப்படாது. அகப்படவில்லை என்பதால் டிபி இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1932-இல் நியூயார்க்கில் பரில் க்ரோனும் இரு சகாக்களும் 14 நோயாளிகளைப் பற்றி எழுதித்தான் இது தனி நோய் என்று பரவலாக ஏற்கப்பட்டது. இத்தனை வருடம் கழித்தும் இரண்டையும் பிரித்தறிவது, டிபி மிகுந்த நம் நாட்டில், தேர்ந்த மருத்துவருக்கே கடினம். டிபி இருப்பவருக்கு க்ரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடலெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் சந்தேகம் இருக்கும்போது டிபி மருந்தை முதலில் கொடுத்துப் பார்ப்பது ஏற்கப்பட்ட முறைதான்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. டிபி மருந்து தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோபி செய்து, புண் ஆறுகிறதா என்று பார்த்தார்களா? டிபி என்றால் அதற்குள் புண் ஆறத் தொடங்கியிருக்கும். டிபி மருந்து சாப்பிடும் க்ரோன் நோயாளிக்கும் கொஞ்சம் தேவலை போலத் தோன்றுவதுண்டு. ஆகவே "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டு அனுப்பினால் மட்டும் போதாது. உங்கள் விஷயத்தில் யாரும் பார்க்கவில்லை என்றால் அந்தக் கோபம் நியாயமானது.

அதைவிட எனக்கு ஆத்திரம் வருவது அதற்கு முந்தைய வருடங்களை நினைத்துத்தான். கேஸ் தொல்லையால் யாரும் 11 கிலோ இளைப்பதில்லை. ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ரத்தம், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், சோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே குடலை உள்ளே பார்த்தாக வேண்டும். மலத்தில் கால்புரொடெக்டின் என்ற புரதத்தை அளக்கும் சோதனையிலேயே அழற்சி இருக்கிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும். எனக்கு இருப்பது பெருங்குடல் புண் அழற்சி. ரத்தம் போகிறது என்று சொன்னதும் மூலம் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். காரம் சாப்பிடாதே, கவலைப்படாதே என்றார்கள். பஸ் ஏறுவதற்கு முந்தைய இரவே பட்டினி கிடப்பேன். எந்த ஊர் பஸ் நிலையத்தில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று மனப்பாடமாக இருந்தது. நோயின் பெயர் தெரிந்த அன்று நான் அழவில்லை. கவலையால் வந்ததல்ல என்று ஒருவர் சொன்னதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. உங்களுக்கும் அந்த நிம்மதி கொஞ்சமாவது வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இனி செய்ய வேண்டியது. முதல் மருத்துவமனையிலிருந்து கொலோனோஸ்கோபி படங்கள், ஸ்கேன் சிடி, பயாப்ஸி ஸ்லைடுகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். அந்த ஸ்லைடுகளை இன்னொரு நோயியல் நிபுணர் பார்க்கட்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் பி12 சத்தை உறிஞ்சும் இடம் என்பதால் பி12, இரும்புச்சத்து இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். பின்னால் இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசி மருந்து தரலாம் என்று பேச்சு வந்தால், உடலில் உறங்கும் டிபி இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். ஆறு மாதம் சாப்பிட்ட டிபி மாத்திரைகளின் விவரம் அப்போது மருத்துவருக்குத் தேவைப்படும். அந்தச் சீட்டுகளைக் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்.