கேர்னல் புதுப்பித்தபின் உபுண்டுவில் கறுத்த திரை

உபுண்டுவின் கேர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) புதுப்பித்தபின் மடிக்கணினியின் திரை கறுத்துவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கணினி தொடங்கும்போது எந்தக் கேர்னலில் இயங்குவது என்று தெரிவுசெய்ய உதவும் கிரப் பட்டியலின் மேம்பட்ட தெரிவுகளுக்குள் சென்று பழைய கேர்னலைத் தெரிவுசெய்தால், உங்கள் மடிக்கணினி பெரும்பாலும் வழமைபோல் இயங்கும். பட்டியல் தோன்றாவிடில், கணினியை இயக்கியதும் எஸ்கேப் விசையை ஒருமுறை மட்டும் தட்டுங்கள்; விடாமல் தட்டினால் வெறும் கட்டளைவரியில் போய் நிற்கும்.

புதுப்பிப்பின் நடுவே மின்சாரம் நின்றதென எழுதியிருந்தீர்கள். மின்கலம் தேய்ந்த கணினிகளுக்கு யாழ்ப்பாணத்து மின்தடை செய்கிற வேலை இதுதான்: புதிய கேர்னலுக்குரிய என்விடியா மொடியூல் (திரைக்காட்சியைத் தரும் என்விடியா அட்டையை இயக்கும் மென்பொருள்) கட்டி முடிக்கப்படாமல் பாதியில் நின்றிருக்கக்கூடும்.

பழைய கேர்னலில் முனையத்தை (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரத்தை) திறந்து, ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ (dkms status) என்பதை ஆங்கில எழுத்துகளில் இட்டுப் பாருங்கள்; ஒவ்வொரு கேர்னலுக்கும் மொடியூல் கட்டப்பட்டதா என்பதை அது காட்டும். புதிய கேர்னலின் எண்ணுக்கு நேரே ‘இன்ஸ்டால்ட்’ (installed) என்று இல்லையெனில், ‘சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’ (sudo dpkg --configure -a) என்ற கட்டளை, அரைகுறையாக நின்ற நிறுவலை முடித்துவைக்கும்.

‘இன்ஸ்டால்ட்’ என்றிருந்தும் திரை கறுத்தால் கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் இயங்கவிடும் பாதுகாப்பு வசதியான செக்யூர் பூட்டைச் (Secure Boot) சந்தேகியுங்கள். டிஜிட்டல் கையொப்பமில்லாத மொடியூலை அது ஏற்காது.