தொட்டி காலியாக இருக்கட்டும்

அன்புள்ள ஐயா,

சின்ன வயதில் அப்பாவோடு உட்கார்ந்து ஸ்டாரும் கிறிஸ்துமஸ் குடிலும் செய்வோம். இப்போது சென்னையில் ஃபிளாட். இந்த வருடம் ஆன்லைனில் குடில் செட் வாங்கி, டிசம்பர் 1 அன்றே முழுதாக வைத்துவிட்டேன். பிள்ளைகள் கலைத்துவிடுவார்கள் என்று கண்ணாடி அலமாரிக்குள். அழகாக இருக்கிறது, ஆனால் அப்பாவின் குடில் மாதிரி இல்லை. கடையில் வாங்கியது தப்போ?

— ஆ.

அன்புள்ள ஆ.,

கடையில் வாங்கியதில் ஒரு தப்பும் இல்லை. எங்கள் வீட்டுக் குடிலின் சுரூபங்களும், அதாவது பொம்மைகளும், கடையில் வாங்கியவைதான்.

இந்த வாரம் முழுக்க என் பாட்டியின் அரிசிப்பானை நினைவாகவே இருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. நாகர்கோவில் பக்கம் எங்கள் ஊர். டிசம்பர் 10 வாக்கில் பாட்டி கேழ்வரகை ஊறப்போட்டு, உடைந்த சட்டிகளில் மண் நிரப்பித் தூவுவாள். பண்டிகைக்குள் விரல் நீளம் வளர்ந்துவிடும். அதுதான் பெத்லகேமின் புல்வெளி. மாமா மூங்கிலைச் சீவி ஸ்டார் கட்டுவார். மைதாப் பசை காய்ச்சுவது என் வேலை. ஒரு வருடம் பசை நீர்த்துப்போய், பனியில் தாள் விட்டுவிட்டது. "அடுத்த வருசம் கெட்டியா காய்ச்சு மக்களே" என்றாள் பாட்டி, அவ்வளவுதான்.

குழந்தை இயேசு மட்டும் குடிலில் இருக்கமாட்டார். பழைய துணியில் சுற்றி அரிசிப்பானைக்குள் இருப்பார். நாங்கள் போய்ப் போய்த் திறந்து பார்ப்போம். நடுராத்திரிப் பூசை முடிந்து வந்ததும், வீட்டின் கடைசிப் பிள்ளைதான் அவரை எடுத்துக் குடிலின் தீவனத் தொட்டியில் கிடத்த வேண்டும். தங்கை நடக்கத் தொடங்கிய வருடம் அந்த வேலை என் கையைவிட்டுப் போனது. அன்று அழுத அழுகை இன்றும் நினைவிருக்கிறது. குழந்தையைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்கள் ஜன்னல் திட்டில் கிளம்பி, தினம் ஒரு சாண் நகர்ந்து, ஜனவரி 6 அன்று வந்து சேர்வார்கள்.

நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? இன்னும் பிறக்காத பிள்ளையை 1ஆம் தேதியே கிடத்திவிட்டீர்கள். ராஜாக்களும் வந்தாயிற்று. இனி உங்கள் பிள்ளைகள் எதற்காகக் காத்திருப்பார்கள்? அதற்கு மேல் கண்ணாடி வேறு! 1223இல் அசிசியின் புனித பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் குடில் அமைத்தபோது வைக்கோல் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். ஊர் ஜனம் தீவட்டியோடு போய்ச் சுற்றி நின்றது. உங்கள் அப்பாவும் உங்களைத் தொடவிட்டார், கலைக்கவிட்டார். அவர் குடிலில் இருந்து உங்கள் செட்டில் இல்லாதது அதுதான்.

சரி, இன்றே கண்ணாடிக் கதவைத் திறந்துவிடுங்கள். குழந்தையை அரிசி டப்பாவுக்குள் வையுங்கள். ராஜாக்களை வாசலுக்கு அனுப்புங்கள். கேழ்வரகு ஊறப்போட இன்னும் நாள் இருக்கிறது. ஒரு ஆட்டுக்குக் கால் உடையும், உடையட்டும். எங்கள் வீட்டில் மூன்று கால் ஆடு ஒன்று பல வருடம் வைக்கோலில் சாய்ந்தபடியே நின்றது.