காலி அறையில் அடிக்கும் தொலைபேசி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க–சீனப் போட்டியைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். "பனிப்போரைவிட ஆபத்தான பகை இது" என்று அதில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது மிகையாகப் பட்டது. நான் பொருளியல் படித்தவன். 2024இல் மட்டும் இந்த இரு நாடுகளுக்கும் இடையே 58,000 கோடி டாலருக்கு மேல் சரக்கு வணிகம் நடந்திருக்கிறது. சோவியத் யூனியனோடு அமெரிக்காவுக்கு இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்ததே கிடையாது. தன்னிடம் வாங்குகிறவரோடு கத்திச்சண்டை போடும் கடைக்காரர் உண்டா? 2025 ஏப்ரலில் சீனச் சரக்குகள் மீதான வரியை அமெரிக்கா 145 சதவீதம் வரை ஏற்றியது. மே மாதமே ஜெனீவாவில் உட்கார்ந்து இறக்கினார்கள். அக்டோபரில் மறுபடி முறைத்துக்கொண்டார்கள், அந்த மாதம் முடிவதற்குள் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் தென் கொரியாவின் பூசானில் கைகுலுக்கினார்கள். வணிகம் இருக்கும்வரை போர் வராது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொரு கேள்வி. ஒருவேளை மோதினால் யார் வெல்வார்கள் என்று நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
செ.

*

அன்புள்ள செ.,

2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். கொடுக்கல் வாங்கல் பெருகினால் பகை தானாகத் தேயும் என்று. அந்த நம்பிக்கையிலிருந்து எப்படி விலகி வந்தேன் என்று சொல்வதுதான் உங்களுக்கு நான் தரக்கூடிய நேர்மையான பதில்.

உங்கள் கடைக்காரர் உவமையிலிருந்தே தொடங்குகிறேன். அது செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. கடை நாளைக்கும் திறந்திருக்கும் என்று வாங்குகிறவர் நம்பவேண்டும். 1941இல் ஜப்பான் தனக்கு வேண்டிய எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அமெரிக்காவிடமிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. ஜப்பானியப் படை இந்தோசீனாவின் தெற்குப் பகுதிக்குள் நுழைந்ததும், ஜூலை இறுதியில் அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கியது. எண்ணெய் நின்றுபோனது. இருப்பில் உள்ளது இன்னும் எத்தனை மாதம் வரும் என்று டோக்கியோவில் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர். வாங்கி விற்ற உறவு இருந்ததால் அந்தப் போர் தள்ளிப்போகவில்லை. உறவு அறுந்த பயம்தான் அவர்களை அவசரப்படுத்தியது. 1914க்கு முன் பிரிட்டனும் ஜெர்மனியும் ஒருவருக்கொருவர் பெரிய வாடிக்கையாளர்களாக இருந்த கதையைப் பொருளியல் படித்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஜெனீவாவுக்கும் பூசானுக்கும் வருவோம். நீங்கள் அங்கே நல்லிணக்கத்தைப் பார்க்கிறீர்கள். நான் பார்ப்பது வேறு. அதைச் சொல்ல ஒரு சுரங்கத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

கலிபோர்னியாவின் பாலைவனத்தில் மவுண்டன் பாஸ் என்ற இடம் இருக்கிறது. 1949இல் யுரேனியம் தேடிப் போனவர்கள் அங்கே அருமண் தனிமங்களைக் கண்டார்கள், பலமான காந்தம் முதல் பல நுட்பக் கருவிகள் வரை வேண்டிய உலோகங்கள் இவை. வண்ணத் தொலைக்காட்சிகள் வந்தபோது திரையில் சிவப்பு நிறம் வருவதற்கு யூரோப்பியம் வேண்டியிருந்தது, அது இங்கிருந்து போனது. 1980கள் வரை உலகத்துக்கு அருமண் வழங்கியதில் முதலிடம் இந்தச் சுரங்கத்துக்கே. அதே 1980களின் தொடக்கத்தில்தான், அதுவரை இருந்தவற்றையெல்லாம்விடப் பலமான நியோடிமியக் காந்தத்தை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் சுமிட்டோமோவும் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. சுரங்கமும் சொந்தம், நுட்பமும் சொந்தம். பிறகு என்ன நடந்தது? சீனாவின் உள் மங்கோலியாவில் பயான் ஓபோ சுரங்கம் பெருகியது, விலை சரிந்தது. மவுண்டன் பாஸில் கழிவுநீர்க் குழாய்கள் உடைந்து பாலைவனத்தில் ஓடின. 2002இல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்கு முன்பே, 1995இல், ஜெனரல் மோட்டார்ஸ் தன் காந்தப் பிரிவை விற்றுவிட்டிருந்தது. வாங்கிய கூட்டில் சீன நிறுவனங்கள் இருந்தன. இந்தியானா மாநிலத்தில் ஓடிய ஆலைகள் சில ஆண்டுகளில் சீனாவுக்குப் பெயர்ந்தன. அன்றைக்கு அதில் யாருக்கும் தப்பு தெரியவில்லை. மலிவாகச் செய்கிறவரிடம் வேலையைக் கொடு என்றுதானே உங்கள் பாடநூலும் சொல்கிறது.

இன்று அருமண் சுத்திகரிப்பில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவிடம் இருக்கிறது. மவுண்டன் பாஸை மறுபடி திறந்த பிறகும், அங்கே தோண்டியதைப் பிரித்தெடுக்கப் பல ஆண்டுகள் சீனாவுக்கே கப்பலேற்றினார்கள். 2025 ஏப்ரலில் டிரம்ப் வரியை ஏற்றியதும், ஏழு அருமண் தனிமங்களை அனுமதி இல்லாமல் ஏற்றுமதி செய்யக்கூடாது என்று சீனா அறிவித்தது. அடுத்த மாதமே ஃபோர்டு நிறுவனம் காந்தம் கிடைக்காமல் சிகாகோ ஆலையில் ஒரு வாரம் கார் உற்பத்தியை நிறுத்தவேண்டி வந்தது. ஒரு எஃப்-35 போர் விமானத்துக்குள் 400 கிலோவுக்கு மேல் இந்தத் தனிமங்கள் இருப்பதாக அமெரிக்க அரசின் கணக்கே சொல்கிறது. யோசித்துப் பாருங்கள், யாருக்கு எதிராக அந்த விமானத்தைக் கட்டுகிறார்களோ அவர்களிடமே அதற்கான பொருளையும் கேட்டு நிற்கவேண்டியிருக்கிறது.

மறுபக்கமும் இதே கதைதான். மிக நுண்ணிய சிப் செய்ய வேண்டிய, புற ஊதா ஒளியால் சிப்பில் கோடு வரையும் ஈயுவி இயந்திரத்தை உலகிலேயே ஒரு நிறுவனம்தான் செய்கிறது, நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். அதற்குள் நொடிக்கு 50,000 வெள்ளீயத் துளிகளை லேசரால் அடித்து ஒளி உண்டாக்குகிறார்கள். அமெரிக்காவின் அழுத்தத்தால் அந்த இயந்திரம் ஒன்றுகூட இதுவரை சீனாவுக்குப் போனதில்லை. 2022 அக்டோபர் 7 அன்று அமெரிக்கா கொண்டுவந்த கட்டுப்பாடுகள் சிப், அதைச் செய்யும் கருவி, அதற்கு உழைக்கும் அமெரிக்கப் பொறியாளர் என்று மூன்றையும் தடுத்தன.

ஆக, இவர் குடுமி அவர் கையில், அவர் குடுமி இவர் கையில். பூசானில் நடந்தது இதுதான். இருவருக்கும் வலித்தது, இருவரும் பிடியை ஓராண்டுக்குத் தளர்த்திக்கொண்டார்கள். கைகுலுக்கலுக்கு முன்னும் பின்னும் இருவரும் என்ன செய்துவருகிறார்கள் என்பதைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். மவுண்டன் பாஸை நடத்தும் நிறுவனத்தில் 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனே பெரிய பங்குதாரராகச் சேர்ந்தது. சீனாவோ சொந்த சிப்புக்காகப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. தடைகளுக்கு நடுவிலேயே 2023இல் ஹுவாவெய் ஏழு நானோமீட்டர் சிப்போடு ஒரு கைபேசியை வெளியிட்டது. இருவருமே தன் குடுமியை விடுவித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். ஒருவர் முழுதாக விடுவித்துக்கொண்டேன் என்று நம்பும் நாளில், நீங்கள் சொல்லும் வணிகக் கேடயம் இருக்காது. எனக்குப் பயம் அந்த நாளைப் பற்றித்தான்.

பனிப்போரோடு ஒப்பிட்டீர்கள். அது பனியாக இருந்தது அந்த இருவருக்கு மட்டும்தான், வியட்நாமிலும் அங்கோலாவிலும் அது நெருப்பாகவே எரிந்தது. போகட்டும். ஒரு விஷயத்தை நாம் மறந்துவிடுகிறோம். அமெரிக்க ராணுவமும் சோவியத் ராணுவமும் வெளிப்படையாகப் போர்க்களத்தில் எதிர்நின்றதில்லை. அமெரிக்காவும் சீனாவும் நின்றிருக்கின்றன. கொரியாவில், 1950 முதல் 1953 வரை. இறந்த அமெரிக்கர்கள் 36,000 பேருக்கு மேல். சீனர்கள், சீன அரசின் கணக்கிலேயே 1,97,000 பேருக்கு மேல்.

அந்த மோதல் தொடங்கிய விதம்தான் என்னை உறங்கவிடாதது. 1950 அக்டோபர் 3, நள்ளிரவு தாண்டிய நேரம். பீஜிங்கில் இருந்த இந்தியத் தூதர் கே. எம். பணிக்கரை சீனப் பிரதமர் சூ என்லாய் அழைத்தார். வட, தென் கொரியாக்களைப் பிரித்த 38ஆவது அட்சக்கோட்டை அமெரிக்கப் படை தாண்டினால் சீனா களத்தில் இறங்கும் என்று சொல்லி அனுப்பினார். அமெரிக்காவோடு சீனாவுக்கு அப்போது தூதரக உறவு இல்லை, மூன்றாவது ஆளிடம்தான் சொல்ல முடிந்தது. செய்தி வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. பணிக்கர் சீனச் சார்புள்ளவர், இது வெறும் மிரட்டல் என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்த மாதமே சீனப் படை எல்லையிலுள்ள யாலு ஆற்றைக் கடந்து கொரியாவுக்குள் நுழைந்தது. அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். நம்பும்படியாகச் சொல்ல வழி இல்லாமல் போயிற்று, கேட்கிற மனமும் இல்லாமல் போயிற்று. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள், செ.

சோவியத்தும் அமெரிக்காவும் இந்தப் பாடத்தை 1962இல் கியூபா ஏவுகணை நெருக்கடியில் படித்தன. அந்த நாட்களில் தூதரகத்தின் சங்கேதத் தந்தியை வாங்கிப் போக ஒரு இளைஞர் சைக்கிளில் வருவார் என்று வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதர் டோப்ரினின் பிற்பாடு நினைவுகூர்ந்தார். உலகம் அழியுமா பிழைக்குமா என்ற செய்தி சைக்கிளில் போயிருக்கிறது! பயந்துபோய், அடுத்த ஆண்டே இரு தலைநகரங்களுக்கும் நேரடித் தொடர்பு போட்டார்கள். 1972இல் கடலில் போர்க்கப்பல்கள் ஒன்றுக்கொன்று எப்படி விலகிப் போவது என்பதற்கு ஒப்பந்தம், அணு ஆயுதத்துக்கு ஒப்பந்தம். அதன்பிறகும் ஒருவரையொருவர் வெறுத்தார்கள், ஆனால் பேசுவதை நிறுத்தவில்லை.

இந்த ஜோடிக்கு அப்படி ஒரு பழக்கம் வரவேயில்லை. வாஷிங்டனுக்கும் பீஜிங்குக்கும் நடுவே 1998இல் நேரடித் தொலைபேசி போட்டார்கள், 2008இல் பாதுகாப்பு அமைச்சகங்களுக்கும் ஒன்று. கம்பி இருக்கிறது. எடுக்க ஆள்தான் இல்லை. பைடன் அரசில் ஆசியக் கொள்கையைக் கவனித்த கர்ட் காம்ப்பெல் 2021இல் வெளிப்படையாகவே சொன்னார்: அதைப் பயன்படுத்திய ஓரிரு முறையும் அது மணிக்கணக்கில் காலி அறையில் அடித்துக்கொண்டே இருந்தது.

2022 ஆகஸ்டில் அன்றைய அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவர் நான்சி பெலோசி, சீனா தனதென்று சொல்லும் தைவானுக்குப் போனார். சீனா உடனே ரத்து செய்தவற்றில் ராணுவத் தளபதிகளின் பேச்சும், கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான கூட்டமும் இருந்தன. 2023 பிப்ரவரியில் சீன உளவு பலூனை அமெரிக்கா சுட்டு வீழ்த்திய அன்று, அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டின் சீன அமைச்சரோடு பேசக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். சீனா மட்டும்தான் முரண்டு பிடித்தது என்று நான் சொல்லவில்லை. அடுத்து வந்த சீன அமைச்சர் லி ஷாங்ஃபு மீது 2018இலேயே அமெரிக்கா தடை விதித்திருந்தது. பேச வேண்டும் என்று அழைத்துக்கொண்டே அந்தத் தடையை விலக்க மறுத்தது. 2023 ஜூன் 2 அன்று சிங்கப்பூரில் ஒரு விருந்தில் இரு அமைச்சர்களும் கைகுலுக்கினார்கள், பேச்சுவார்த்தை இல்லை. மறுநாள் தைவான் நீரிணையில் சீனப் போர்க்கப்பல் ஒன்று அமெரிக்கப் போர்க்கப்பலுக்கு முன்னால் குறுக்கே பாய்ந்தது. நடுவே 140 மீட்டர்கூட இல்லை. அமெரிக்கக் கப்பல் வேகத்தைக் குறைத்ததால் மோதல் தவிர்ந்தது. அந்த மாலுமியின் கை ஒரு நிமிடம் தாமதித்திருந்தால்? இரு நாட்டு அமைச்சர்களும் ஒரே ஊரில் இருந்தார்கள், பேசாமல்.

அணு ஆயுதத்திலும் இதுதான் நிலை. பல பத்தாண்டுகள் சில நூறு குண்டுகளோடு நின்ற சீனாவிடம் இன்று 600க்கும் மேல் இருப்பதாகக் கணிக்கிறார்கள். அமெரிக்காவிடம் 5,000க்கு மேல், ஆகவே எங்களிடம் கணக்குக் கேட்காதே என்று சீனா சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் 2023 நவம்பரில் ஒரே ஒரு சுற்று நடந்த அணு ஆயுதப் பேச்சை, தைவானுக்கு ஆயுதம் விற்றதைக் காரணம் காட்டி 2024 ஜூலையில் சீனா நிறுத்திவிட்டது. கோபம் வந்தவுடன் முதலில் அறுப்பது பேச்சைத்தான். பேச்சு அதிகம் வேண்டியிருப்பதே கோபம் வந்த பிறகுதானே.

உங்கள் இரண்டாவது கேள்வி. யார் வெல்வார்கள்? 2024இல் அமெரிக்கா ராணுவத்துக்குச் செலவிட்டது கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி டாலர், சீனா ஏறத்தாழ 31,000 கோடி என்பது ஸ்டாக்ஹோமின் சிப்ரி நிறுவனக் கணக்கு. கப்பல்களின் எண்ணிக்கையில் சீனா முந்திவிட்டது. விமானந்தாங்கிக் கப்பல் சீனாவிடம் மூன்று, அமெரிக்காவிடம் பதினொன்று. இந்த எண்களை அடுக்கி எதையும் சொல்லிவிடலாம். வாஷிங்டனின் சிஎஸ்ஐஎஸ் ஆய்வு மையம் தைவான் மீதான படையெடுப்பை 24 முறை ஆடிப் பார்த்து 2023 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. பெரும்பாலான ஆட்டங்களில் சீனா தைவானைப் பிடிக்க முடியவில்லை. அதே ஆட்டங்களில் அமெரிக்கா இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களையும் நூற்றுக்கணக்கான விமானங்களையும் இழந்தது, தைவானின் பொருளாதாரம் நொறுங்கிப்போனது. இதைத்தான் வெற்றி என்று எழுதினார்கள். தைவானை எல்லோரும் சிப் ஆலை என்றே பேசுகிறார்கள், எனக்கு அதில் தாங்க முடியாத வருத்தம் உண்டு. 2.3 கோடி பேர் அங்கே வாழ்கிறார்கள். யார் வெல்வார்கள் என்ற கேள்வியை அவர்களில் ஒருவரிடம் நம்மால் கேட்க முடியுமா?

வரி எத்தனை சதவீதம், எந்தக் கப்பல் கடலில் இறங்கியது என்பதைச் செய்திகள் உங்களுக்குத் தவறாமல் சொல்லும். நான் தேடிப் படிப்பது வேறொன்றை. 2022இல் ரத்தான அந்தக் கடல் பாதுகாப்புக் கூட்டம் 2024 ஏப்ரலில் ஹவாயில் மறுபடி நடந்தது. இரு நாட்டு ராணுவ அதிகாரிகளும் ஒரு மேசையில் உட்கார்ந்து, கடலிலும் வானிலும் ஒருவரையொருவர் ஆபத்தாக நெருங்கிய நிகழ்வுகளைப் பற்றிப் பேசினார்கள். பெரிய தலைப்பில் வராத செய்தி. அந்த மேசை அடுத்த கோபத்தின்போதும் அங்கேயே இருந்தால், உங்கள் நம்பிக்கைக்கு நானும் திரும்பி வருகிறேன்.

அன்புடன்.