மோப்ப நாய்ப் பிரிவுக்குப் போனால் பதவி உயர்வு நின்றுவிடுமா?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஆயுதப்படைக் காவலராக இருக்கிறேன். மோப்ப நாய்ப் பிரிவில் சேர ஆசை. அங்கே போனால் பதவி உயர்வு நின்றுவிடும் என்கிறார்கள் உடன் இருப்பவர்கள். உண்மையா? பின்னாளில் பிரிவுப் பொறுப்பு கிடைக்குமா?

பதில்: அந்தப் பயம் வேண்டாம். 10 ஆண்டு முடிந்தால் முதல்நிலைக் காவலர், பிறகு ஏட்டு, அப்புறம் சிறப்பு எஸ்.ஐ. எல்லாம் பணிக்காலத்தை வைத்து வருவது. காவலுக்குப் பாரா நின்றாலும் நாயோடு நடந்தாலும் அது பாட்டுக்கு ஓடும்.

யோசிக்க வேண்டியது லீவைப் பற்றித்தான். குட்டியாக உங்கள் கைக்கு வரும் நாய், சுமார் ஆறு மாதப் பயிற்சி முடித்து, ஓய்வு பெறும்வரை உங்களோடுதான் இருக்கும். மாற்று ஆள் இருந்தாலும் பொங்கலன்று காலையிலும் கென்னல் என்கிற நாய்க்கொட்டிலைக் கழுவியாக வேண்டும். வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நம் பக்கத்தில் துப்பறியும் நாய்க்குப் பெரிய தொல்லை வாய்க்கால். திருடன் வரப்பில் நடந்தவரை இழுத்துக்கொண்டு போகும். அவன் தண்ணீரில் இறங்கிய இடத்தில் நின்று சுற்றும். அங்கே அவசரப்பட்டுக் கயிற்றை இழுத்தால், தடத்தை விட்டுவிட்டு நீங்கள் நினைக்கும் பக்கம் போய்விடும். கயிற்றைத் தளர்த்தி, எதிர்க்கரையில் மேலும் கீழுமாகத் தேடவிடுங்கள். மூக்கு தரையோடு ஒட்டிக் கயிறு மறுபடி விறைத்தால் தடம் கிடைத்துவிட்டது என்று பொருள். விடியற்காலை ஈரத்தில் வாசம் நிற்கும். சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் சீக்கிரம் போய்விடும். வேடிக்கை பார்க்கிற கூட்டம் மிதிப்பதற்குள் போய்ச் சேர்ந்தாலே பாதி வேலை முடிந்தது.

வெடிமருந்து நாய்க்கு வேறு பழக்கம். பொருளைக் கண்டால் குரைக்காமல், சுரண்டாமல் உட்கார்ந்துவிட வேண்டும். வேளாங்கண்ணித் திருவிழா, 2028-இல் வரப்போகும் கும்பகோணம் மகாமகம் என்று அதற்கு இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை.

பிரிவுப் பொறுப்பு அனுபவத்தோடு வரும். வந்தால் எழுத்து வேலை கூடும். எந்தப் பொருளை மோந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கே நின்றது என்று அன்றன்றே எழுத வேண்டும். நாய் காட்டியதற்குச் சாட்சியமாக அதிக எடை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1969-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் வருடக்கணக்கில் கழித்து உங்களைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வார்கள். அப்போது அந்தக் குறிப்புதான் துணை.

இன்னொன்று, வயலில் எலி அதிகம். நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி போடும் தேதியைத் தவறவிடாதீர்கள். வேலை முடிந்து வந்ததும் பாதத்தையும் காதையும் துடைத்து உண்ணி பாருங்கள்.

மனு எழுதுவதற்கு முன் ஒரு காலை கென்னலுக்குப் போய்ச் நாய் மலம் அள்ளுவதிலிருந்து கூடவே இருந்து பாருங்கள். சட்டையில் எச்சிலும் முடியும் ஒட்டுவது பிடிக்கவில்லையென்றால் பாராவே மேல்.