படிகாரப் படிகம்: விதைக்கல் கரைந்துபோவது ஏன்?

வணக்கம். படிகாரப் படிகம் வளர்க்க நூலில் கட்டித் தொங்கவிட்ட விதைக்கல் (பெரிய படிகம் வளரத் தொடக்கமாக வைக்கும் சிறு படிகம்) இரவோடு இரவாகக் கரைந்துவிட்டதாகவும், அடுத்த முறை நூல் முழுவதும் பொடிப்பொடியாகப் படிகங்கள் அப்பிக்கொண்டதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் கரைசலின் செறிவுதான்: முதல் முறை அது தெவிட்டவில்லை (அதாவது, இன்னும் படிகாரத்தைக் கரைத்துக்கொள்ள அதில் இடமிருந்தது), இரண்டாம் முறை, சூடான கரைசல் வேகமாக ஆறியதால், அளவுக்கு மீறித் தெவிட்டி, பருத்தி நூலின் பிசிர்களிலெல்லாம் படிகம் பிடித்துக்கொண்டது.

வெந்நீரில் படிகாரத்தைக் கரைத்து மூடி வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்து, அடியில் படிகங்கள் படிந்து நின்றபின், மேலே உள்ள தெளிந்த கரைசலை மட்டும் வடிகட்டி எடுத்தால், அது அந்த வெப்பநிலைக்குச் சரியாகத் தெவிட்டியிருக்கும். அடியில் படிந்தவற்றிலேயே முகங்கள் பளிச்சென்று, இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியதுபோல் எட்டு முகத்துடன் இருக்கும் ஒன்றை விதையாகத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய நைலான் இழையில் கட்டி, பாத்திரத்தைக் காகிதத்தால் மூடி, வெயிலும் காற்றும் படாத மூலையில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி வேண்டவே வேண்டாம்.

நான் வளர்த்தபோது அடியில் புதிதாகப் படிகங்கள் முளைத்தால் உடனே கரைசலை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவேன். இல்லாவிட்டால் விதைக்குச் சேரவேண்டியதை அவை பங்குபோட்டுக்கொள்ளும். (ஊதா நிறக் குரோம் படிகாரக் கல்லை இதே கரைசலில் தொங்கவிட்டால், இரண்டின் படிக அமைப்பும் ஒன்றே என்பதால், நிறமற்ற படிகாரம் அதன்மேல் கண்ணாடி உறைபோல் வளரும், அழகான வேடிக்கை.)

வளர்ந்த கல்லை வறண்ட காற்றில் திறந்து வைக்காதீர்கள். படிகத்துக்குள் இருக்கும் நீர் வெளியேறி, மேற்பரப்பு வெண்மையாக மங்கிவிடும். தெளிந்த நகப்பூச்சை மெல்லிதாகப் பூசி வைக்கலாம்.