பழைய டர்ன்டேபிள் வாங்கும்போது எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

வீட்டில் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றோடு 1970களின் டர்ன்டேபிள் ஒன்றைச் சேர்க்கலாமா, நேரில் போனால் எதைப் பார்ப்பது என்பது கேள்வி.

தாராளமாகச் சேர்க்கலாம். அறுந்த பெல்ட், தேய்ந்த ஊசி, கீறல் விழுந்த மூடி, மங்கிய மரப்பெட்டி இவற்றைக் கண்டு தயங்க வேண்டாம், எல்லாமே மாற்றவோ சரிசெய்யவோ கூடியவை. இசைத்தட்டை வைத்துச் சுழலும் தட்டைத் தாங்கும் மைய பேரிங், ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் பேரிங், மோட்டார் ஆகிய மூன்றில் ஒன்று கெட்டிருந்தால்தான் பிரச்சினை. அப்படியிருந்தால் பெட்டி எவ்வளவு பளபளத்தாலும் விட்டுவிடுங்கள்.

தட்டு எப்படிச் சுழற்றப்படுகிறது என்று முதலில் கேளுங்கள். கராட் 301, லென்கோ எல் 75 போன்றவற்றில் மோட்டார் தண்டுக்கும் தட்டுக்கும் நடுவே ஐட்லர் என்னும் ரப்பர் சக்கரம் இருக்கும். அதை அழுத்தியபடியே பல வருடம் விட்டிருந்தால் ரப்பரில் பள்ளம் விழுந்து, ஒவ்வொரு சுற்றிலும் 'டப் டப்' என்று அடிக்கும். தோரன்ஸ் டி.டி. 160, லின் எல்.பி.12 போன்றவை பெல்ட்டில் ஓடுபவை. இவற்றின் பராமரிப்பு எளிது, முதல்முறை வாங்குபவருக்கு இந்த வகையைத்தான் சொல்வேன். டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2 போன்ற டைரக்ட் டிரைவில் தட்டே மோட்டாரின் பகுதி. ஆண்டுக்கணக்கில் உழைக்கும், ஆனால் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஐ.சி. சிப் போய்விட்டால் மாற்று கிடைப்பது கடினம்.

அடுத்தது மின்சாரம். பலர் ஏமாறுவது இங்கேதான். பெல்ட், ஐட்லர் வகைகளில் பெரும்பாலானவை ஏ.சி. மோட்டாரில் ஓடுகின்றன, அதன் வேகத்தை நிர்ணயிப்பது மின்சாரத்தின் அதிர்வெண். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த புல்லியை (மோட்டார் தண்டில் உள்ள சிறு உருளை) 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும், பாட்டு இழுக்கும். 50க்குச் செய்ததை 60இல் ஓட்டினால் 40 சுற்று ஆகும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டுமே மாற்றும், அதிர்வெண்ணைத் தொடாது. சரியான விட்டமுள்ள புல்லி கிடைக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே வெளிநாட்டு மாடலை வாங்குங்கள். ஜப்பானிலேயே பயன்படுத்தச் செய்தவை 100 வோல்ட்டில் ஓடுபவை. அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 50, மேற்கில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் புல்லி எதற்கானது என்று தனியாகப் பார்க்க வேண்டும். குவார்ட்ஸ் கட்டுப்பாடுள்ள டைரக்ட் டிரைவுக்கு இந்தத் தொல்லை இல்லை, வோல்டேஜ் சரியாக இருந்தால் போதும்.

இனி கைச்சோதனை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டின் எதிரெதிர் ஓரங்களில் விரல் வைத்து மேலும் கீழுமாக மெல்ல அசையுங்கள். ஆட்டமோ 'டிக்' சத்தமோ இருந்தால் மைய பேரிங் தேய்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கில் தொங்கும் மாடலில் தட்டோடு அடிச்சட்டமும் சேர்ந்து அசைவது இயல்பு, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தட்டை மட்டும் பாருங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுழற்றினால் உரசலின்றிச் சுற்றி, மெல்ல மெல்ல நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் எண்ணெய் வறண்டு கட்டியிருக்கிறது. வெறும் அழுக்கு என்றால் சுத்தம் செய்து புது எண்ணெய் விட்டாலே சரியாகும். தண்டில் நகத்துக்குத் தட்டுப்படும் கோடு விழுந்திருந்தால் ஆகாது.

ஆர்முக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி ஸ்கேட்டைப் பூஜ்ஜியத்தில் வைத்து, ஆர்மின் பின் எடையைத் திருகி, ஆர்ம் அந்தரத்தில் மிதக்கும்படி சமன் செய்யுங்கள். பிறகு லேசாக ஊதுங்கள். உள்ளும் புறமும் தடையில்லாமல் நகர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தயங்கினால் பேரிங்கில் குழி விழுந்திருக்கிறது என்று பொருள். அடுத்து, சுழலும் இடத்துக்கு அருகே ஆர்மைப் பிடித்து மென்மையாக அசையுங்கள், தளர்வு தெரியக்கூடாது. ஒற்றை முனையில் நிற்கும் யூனிபிவட் வகை ஆடத்தான் செய்யும், அதை இந்த அளவுகோலால் அளக்காதீர்கள். லென்கோ எல் 75இன் ஆர்மைத் தாங்கும் வி வடிவ ரப்பர் கட்டைகள் அநேகமாக உதிர்ந்துபோயிருக்கும். அதற்கு மாற்று கிடைக்கிறது, பயப்பட வேண்டியதில்லை.

வேகத்தைச் சோதிக்க, தட்டின் மேல் வைக்கும் கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை போதும். 33⅓ சுற்றுக்கு 50 ஹெர்ட்ஸில் 180 கோடுகள், 60 ஹெர்ட்ஸில் 216 கோடுகள். எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் தேவையான சிமிட்டல் இருக்காது, நியான் அல்லது பழைய குண்டு பல்பின் கீழ் பாருங்கள். கோடுகள் நின்றாற்போல் தெரிய வேண்டும். கால்மணி நேரம் ஓடவிட்டு மறுபடி பார்ப்பது முக்கியம், சூடேறிய பிறகு வேகம் நழுவும் கோளாறு முதல் நிமிடத்தில் தெரியாது. வேகத்தைத் திருத்தும் குமிழைத் திருப்பும்போது வேகம் தாவினால் பெரும்பாலும் அழுக்குதான், கான்டாக்ட் கிளீனர் போதும்.

ஆட்டோமேட்டிக் மாடல்களில் ஆர்ம் பாதியில் நின்றுவிடுவது சாதாரணம். பழைய கிரீஸ் பசைபோல் இறுகியிருப்பதே காரணம். அந்த நிலையில் ஆர்மைக் கையால் தள்ளவே கூடாது, உள்ளே லீவர் வளையும். ஐசோபுரோபில் ஆல்கஹாலால் துடைத்துப் புது கிரீஸ் வைத்தால் ஓடும். பழைய டூயல் மாடல்களில் ஒரு குட்டி ரப்பர் முனை உதிர்ந்தாலே மொத்த ஆட்டோமேட்டிக் அமைப்பும் தடுமாறும். மோட்டார் ஸ்விட்சோடு இணைந்த சிறு கப்பாசிட்டரையும் கவனியுங்கள். கண்ணாடிபோன்ற மேலுறையில் விரிசல் தெரிந்தால் ஒருநாள் புகைந்துவிடும், அதே மதிப்புள்ள எக்ஸ்2 என்னும் பாதுகாப்பு வகையாக மாற்றச் சொல்லுங்கள்.

கூடவே வரும் ஊசியை நம்ப வேண்டாம். வைர ஊசியின் ஆயுள் சுமார் 500 முதல் 1,000 மணி நேரம், பழையது எத்தனை மணி ஓடியது என்று யாருக்கும் தெரியாது. தேய்ந்த ஊசி இசைத்தட்டின் பள்ளத்தைச் செதுக்கிவிடும், அந்தச் சேதம் திரும்பாது. புது ஊசி வாங்குவதற்கான தொகையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள். நான்கு கிராமுக்கு மேல் அழுத்தம் கேட்கும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) உள்ள பிளேயரைத் தவிர்ப்பது நல்லது. ஒரு சேனல் கேட்கவில்லை என்றால் முதலில் கார்ட்ரிட்ஜ் பொருத்தியிருக்கும் ஹெட்ஷெல்லின் நான்கு முனைகளைத் துடையுங்கள். பிறகும் கேட்கவில்லையா? கார்ட்ரிட்ஜின் பின்னால் உள்ள வயர்களில் வெள்ளையையும் சிவப்பையும், நீலத்தையும் பச்சையையும் இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு மறுபக்கம் போனால் கார்ட்ரிட்ஜில் குறை, அதே பக்கம் நின்றால் வயரிலோ அதற்குப் பின்னாலோ.

உங்கள் ஆம்ப்பில் ஃபோனோ என்று எழுதிய இணைப்பு இருக்கிறதா? இல்லையென்றால் தனி ஃபோனோ பிரீஆம்ப் வேண்டும். மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் தருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட்தான், மூவிங் காயில் பல அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. தவிர, இசைத்தட்டில் பதியும்போதே ஆர்.ஐ.ஏ.ஏ. என்னும் பொது முறைப்படி பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டியிருப்பார்கள், அதை மறுபடி நேராக்குவதும் இந்தப் பிரீஆம்ப்தான். ஆக்ஸ் என்ற சாதாரண இணைப்பில் நேரடியாகச் செருகினால் ஒலி மெலிந்து கீச்சென்று கேட்கும். மேக்னெட் வகைக்கு 47 கிலோ ஓம் உள்ளீட்டு மின்தடையும் சுமார் 40 டெசிபல் பெருக்கமும் உள்ள பிரீஆம்ப்பாகப் பாருங்கள். தனி எர்த் வயரை மறந்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வரும்.

வாங்கியதும் வண்டியில் ஏற்றுமுன் தட்டையும் பின் எடையையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றுங்கள். ஊசிக்கு உறை மாட்டி, ஆர்மை அதன் தாங்கியில் கட்டுங்கள். தட்டு மேலேயே இருக்கக் கொண்டுபோனால் ஒவ்வொரு குலுக்கலும் மைய பேரிங்கில் இடிக்கும். ஸ்பிரிங் சட்டமுள்ள மாடலில் போக்குவரத்துத் திருகு இருந்தால் இறுக்குங்கள். வீட்டில் வைத்தபின் அதைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் வேலை செய்யாமல் தரையில் நடக்கும் காலடியெல்லாம் ஸ்பீக்கரில் கேட்கும்.